நிலம் என்று போட்ட டிக்

மார்ச் 6

அண்ணி,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை விசாரிக்கும் நல்ல மனசும் இந்த வாரம் என்னிடம் இல்லை.

நேற்று காலைக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் ஒரு காகிதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பத்துப் பேர் முன்னால் சத்தமாக வாசித்தார். செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைப் பற்றி எங்கள் அலுவலகம் கொடுத்த கணக்கெடுப்பு அறிக்கை அடிப்படையிலேயே தவறு, அது நிலம் அல்ல நீர்நிலை, அதை மூடி பஸ் டெப்போ கட்ட அனுமதி தரக்கூடாது என்று இருந்தது. கீழே நதி ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இவங்க உங்க அண்ணிதானே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் சண்டை ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டதாம்.

அந்தப் பள்ளத்தில் பிப்ரவரி முழுக்க நின்றவள் நான். காலை ஆறு மணிக்குப் போய், சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கும் புல்லை ஒவ்வொன்றாக எண்ணியவள் நான். பத்தொன்பது வகைப் புல் பூண்டு, பதினொரு வகை எறும்பு, இரண்டு வகை அரணை, வெடிப்புக்குள் வளை தோண்டும் தேனீ, தரையில் கூடு கட்டியிருக்கும் வானம்பாடி, இன்னும் பல பூச்சிகள் என்று மொத்தம் அறுபத்து மூன்று உயிர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. படிவத்தில் 'வாழிடம்' என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன: நீர், நிலம். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நிலத்தில் அடித்தேன். வேறென்ன செய்வது? தூசியில் நின்றுகொண்டு நீர் என்று எழுதவா?

தப்பென்று பட்டிருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தினமும் அண்ணனோடு அரை மணி நேரம் போனில் பேசுகிறீர்கள். நான் அதே வீட்டில், பக்கத்து அறையில் இருக்கிறேன். என்னைத் தாண்டி என் மேலாளருக்கு எழுதுவது முதுகில் குத்துவது இல்லாமல் வேறென்ன?

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். பேசினால் கத்துவேன். டெப்போவுக்கு அனுமதி தரும் குழுவின் விசாரணை ஏப்ரல் 20. அதற்குள் உங்கள் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுங்கள். என் ஒப்பந்தம் மே மாதம் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் நாத்தனார் (பேச்சுவார்த்தை இல்லாதவள்)

*

மார்ச் 11

சின்னு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாவது முறை அழுகை. மூன்றாவது முறை, உன் பட்டியல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தோன்றியது.

உன் மேலாளருக்குப் போவதற்கு முன் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆட்சேபம் தர இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், உன் அண்ணன் நடுவில் வருவார், எனக்கு மனசு இளகிவிடும் என்று பயந்தேன். இது நியாயம் இல்லை, காரணம் மட்டும்தான்.

ஆனால் நீயும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உனக்கு அண்ணியாக வருவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறேன். பதினோரு வருடம் முன்னால், மழைக்காலத்தில். ஒரு வாளி தண்ணீர் மொண்டால் அதில் நூறு உயிர் துள்ளும். தலைப்பிரட்டைகள், நத்தைகள், தட்டான் குஞ்சுகள். எல்லாவற்றையும் விட அதிகமாக ஒரு சிறு இறால் வகை, நகம் அளவு, கண்ணாடி மாதிரி உடம்பு. அது எப்போதும் வயிறு மேலே பார்க்க மல்லாந்துதான் நீந்தும். அதற்கு ஊரில் பெயர் கிடையாது. நாங்கள் மல்லாந்தான் என்று கூப்பிடுவோம்.

தண்ணீர் வற்றினால் அவை செத்துப்போகும். அவற்றின் முட்டைகள் சாகாது. காய்ந்த சேற்றில், ஊசிமுனை அளவில், அடுத்த மழை வரை கிடக்கும். பத்து வருடம் மழை இல்லாவிட்டாலும் கிடக்கும். நீ பிப்ரவரியில் சட்டத்தைப் போட்ட தரைக்கு அடியில், உன் செருப்புக்குக் கீழே, கோடிக்கணக்கில் இருந்தன. தவளைகள் ஒரு ஆள் ஆழத்தில் மண்ணுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உன் அறுபத்து மூன்றில் அவை ஒன்றும் இல்லை.

என்னை நம்ப வேண்டாம். பள்ளத்தின் ஆழமான இடத்துக்குப் போ. மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடு. ஒரு வெளிர் நிற டப்பில் போட்டு, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஜன்னல் ஓரம் வை. மூன்று நாள்.

அதுவரை ஆட்சேபத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.

அண்ணி

*

மார்ச் 19

அண்ணி,

செய்தேன். 13-ம் தேதி பள்ளத்தின் நடுவில் இருந்து மண் எடுத்து வந்து, துணி ஊறவைக்கும் டப்பில் கொட்டி, நீங்கள் சொன்ன அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அடுப்படி ஜன்னல் ஓரம் வைத்தேன். இன்றோடு ஆறு நாள். என்ன இருக்கிறது தெரியுமா? சேறு. மேலே தெளிந்த தண்ணீர், கீழே சேறு. அவ்வளவுதான்.

முதல் நாள் அண்ணன் அதைப் பூச்செடிக்கு ஊற்றப் போனார், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். மூன்றாவது நாள் டப்பின் மேல் "தொடாதே" என்று ஒட்டினேன். நான்காவது நாள் அவர் அதற்குக் கீழே "தொட்டால் அண்ணி வருவாள்" என்று எழுதி வைத்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. நான் காலையில் எழுந்ததும் பல் கூடத் தேய்க்காமல் அந்த டப்புக்கு முன்னால் போய்க் குந்தியிருக்கிறேன், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு. உள்ளுக்குள் ஏதாவது அசையாதா என்றுதான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஜெயித்தாலும் பரவாயில்லை, ஏதாவது அசைந்தால் போதும் என்று இருந்தது.

ஒன்றும் அசையவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பார்த்ததை வைத்து நீங்கள் ஆட்சேபம் எழுதியிருக்கிறீர்கள். அன்று இருந்தது இன்று இல்லாமல் போயிருக்கலாம். சூளையின் சாம்பல், மண் எடுத்த லாரிகள், எது வேண்டுமானாலும் கொன்றிருக்கலாம். எங்கள் வேலையில் ஒரே ஒரு விதிதான்: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. அதைத்தான் எழுதினேன்.

மேலாளர் பதில் கடிதம் தயார் செய்துவிட்டார். ஆட்சேபத்தில் ஆதாரம் இல்லை, மண் மாதிரியைத் தண்ணீரில் வைத்து சோதித்தும் உயிர் எதுவும் வெளிவரவில்லை, அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று. 25-ம் தேதி கையெழுத்துப் போட வேண்டும். போடப்போகிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுகிறேன், பார்த்தீர்களா?

சின்னு

*

மார்ச் 22

சின்னு,

என்ன தண்ணீர் ஊற்றினாய்?

குழாய்த் தண்ணீரா? நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை வருமே, அந்தத் தண்ணீரா? அதில் கிருமியைக் கொல்ல மருந்து கலந்திருக்கிறார்கள் சின்னு. ஊசிமுனை அளவுக் குஞ்சை விட்டுவைக்குமா? இதை நான் எழுதியிருக்க வேண்டும். இங்கே ஆய்வகத்தில் யாரும் குழாய்த் தண்ணீரைத் தொட மாட்டோம், அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தப்பு என்னுடையது. கையெழுத்துப் போடாதே.

புதிதாக மண் எடு. மழைத் தண்ணீர் இப்போது கிடைக்காது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேன் விற்பார்கள், அதை வாங்கு. ஆசிட் அல்ல, வெறும் தண்ணீர், இரண்டு முறை கேட்டு வாங்கு. அதில் ஊறவை.

இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. உன் அண்ணனிடம் போனில் சொல்லச் சொன்னேன். "உங்க சண்டையில நான் ஆளே இல்ல. தபால் வந்தா வாங்கிக் குடுப்பேன், தூது போக மாட்டேன்" என்று கையைக் கழுவிக்கொண்டார். அவரைக் கட்டிக்கொண்டது நான்தான், யாரைக் குறை சொல்ல.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். என்னிடம் ஆதாரம் இல்லை. நான் எழுதியது முழுவதும் ஞாபகத்தில் இருந்து எழுதியது. எங்கள் இயக்குநர் நேற்று கூப்பிட்டு, "மாதிரி எடுக்காம நிலையத்தோட முத்திரைய எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார். நீ சொன்னது போல எல்லாம் செத்துப்போயிருந்தால், நான் உன் வேலையையும் என் வேலையையும் ஒரு செத்த பள்ளத்துக்காகக் கெடுத்தவள் ஆவேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி

*

மார்ச் 29

அண்ணி,

உங்கள் கடிதம் 25-ம் தேதி மதியம் வந்தது. மேலாளருக்கு அவசரம், கையெழுத்தை 24-ம் தேதியே வாங்கிவிட்டார். போட்டுவிட்டேன். இப்போது அந்தப் பள்ளம் நிலம் என்று இரண்டு காகிதங்களில் என் கையெழுத்து இருக்கிறது.

25-ம் தேதி மாலை, கடிதத்தைப் படித்த கையோடு பள்ளத்துக்குப் போய் மண் எடுத்தேன். ஒர்க்‌ஷாப்காரர் "எந்த வண்டிக்கும்மா?" என்று கேட்டார். என்ன சொல்ல. வண்டி இல்லை, டப்புக்கு என்றேன். விநோதமாகப் பார்த்துவிட்டு இரண்டு கேன் கொடுத்தார்.

26 ஒன்றும் இல்லை. 27 ஒன்றும் இல்லை. 28-ம் தேதி காலை டப்பின் ஒரு மூலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது என்று நினைத்தேன். ஊதினேன். தூசி ஊதிய பக்கம் போகவில்லை, எதிர்ப்பக்கம் போனது. உருப்பெருக்கியை எடுத்தேன். வெள்ளைப் புள்ளிகள், துடித்துத் துடித்து வெளிச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. நூறு இருக்கும், இருநூறு இருக்கும், எண்ண முடியவில்லை. எண்ணுவதுதான் என் தொழில், எனக்கு எண்ண முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் உருப்பெருக்கியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு டப்புக்கு முன்னால் குந்திவிட்டார்.

அழுதேன். சந்தோஷமா, அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

பிறகு உங்கள் ஆட்சேபத்தை முதல் முறையாக முழுவதும் படித்தேன். கூட்டத்தில் மேலாளர் பாதிதான் வாசித்திருந்தார். கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "இப்பள்ளத்தை ஆழப்படுத்தி, ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளமாக மேம்படுத்தலாம்." அண்ணி, இது நீங்கள் எழுதியதா? ஆண்டு முழுவதும் தண்ணீர் நின்றால் மீன் வரும். மீன் வந்தால் மல்லாந்தான் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் தின்று தீர்த்துவிடாதா? தரை காயாவிட்டால் அந்த முட்டைகள் எதற்கு? அதோடு என் வானம்பாடி எங்கே கூடு கட்டும்? கூட்டில் மூன்று முட்டை இருக்கிறது, நேற்று பார்த்தேன். தேனீ எந்த வெடிப்பில் வளை போடும்? என் அறுபத்து மூன்றையும் மூழ்கடித்துத்தான் உங்களுடையதைக் காப்பாற்ற வேண்டுமா?

நான் நிலம் என்று டிக் அடித்தேன். நீங்கள் நீர் என்று டிக் அடித்தீர்கள். தப்பு ஒன்றுதான், கட்டம்தான் வேறு.

சின்னு

*

ஏப்ரல் 4

சின்னு,

உன் கடிதத்தில் முதல் பாதியைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். புள்ளிகள் வெளிச்சத்துக்கு ஏறின என்று எழுதியிருந்தாயே, அதைச் சக ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு உட்கார்ந்து இரண்டாம் பாதியைப் படித்தேன். பதில் எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது, பார்.

அந்தப் பத்தியை எழுதியது நான்தான். மீன் வந்தால் மல்லாந்தான் மிஞ்சாது என்று தெரிந்தே எழுதினேன். குழுவில் இருப்பவர்களுக்குக் குளம் புரியும். படகு விடலாம், பெஞ்ச் போடலாம், போட்டோ எடுக்கலாம். எட்டு மாதம் வெடித்துக் கிடக்கும் தரையைக் காப்பாற்றுங்கள் என்றால் சிரிப்பார்கள். முதலில் டெப்போவை நிறுத்துவோம், குளத்தைப் பிறகு பேசித் தடுத்துக்கொள்ளலாம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். உன் அறுபத்து மூன்றை நான் நினைக்கவே இல்லை. அறிக்கையில் அதைப் புரட்டினேன், 'புல் பூண்டு' என்று தாண்டிப் போய்விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று உட்கார்ந்து உன் பட்டியலையும் என் பழைய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மழையில் மல்லாந்தான். இரண்டாவது வாரம் தலைப்பிரட்டை. அதைத் தின்னத் தட்டான் குஞ்சு, அதைத் தின்னக் கொக்கு. தண்ணீர் வற்ற வற்ற, செத்ததை எல்லாம் உன் எறும்புகள் இழுத்துப் போகின்றன. அந்த உரத்தில்தான் உன் பத்தொன்பது வகைப் புல்லும் முளைக்கிறது. புல்லில் வரும் பூச்சியைத் தின்றுதான் உன் வானம்பாடி குஞ்சு வளர்க்கிறது. மழை வந்ததும் புல் அழுகித் தண்ணீரில் கரைகிறது, அதைத்தான் என் மல்லாந்தான் தின்கிறது. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை, ஆனால் ஒன்று வைத்த மிச்சத்தில்தான் மற்றது சாப்பிடுகிறது. பதினோரு வருடமாகப் பாதிப் பள்ளம்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசிப் பத்தியை நீக்கித் திருத்திய ஆட்சேபத்தை நாளை அனுப்புகிறேன். இயக்குநருக்கு விருப்பமில்லை. ஒரு பத்தியைத் திரும்பப் பெற்றால் மொத்தமும் பலவீனமாகும் என்கிறார். ஆகட்டும்.

உன் கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். திரும்பப் பெற்றால் உன் ஒப்பந்தம் போகும். போகாது என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெறாவிட்டால் பள்ளம் போகும். முடிவு உன்னுடையது. எதைச் செய்தாலும் உன் மேல் கோபப்பட மாட்டேன் என்று எழுத ஆசைதான். கோபப்படாமல் இருக்க முயற்சி செய்வேன், அவ்வளவுதான் முடியும்.

அண்ணி

*

ஏப்ரல் 12

அண்ணி,

இன்று காலை பள்ளத்தின் கிழக்குக் கரையில் லாரி நிற்பதைப் பார்த்தேன். இடித்த கட்டடத்தின் கல்லும் கம்பியும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது! மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். அவர் ரொம்ப மரியாதையாக, "இது வெறும் காலி நிலம்தானேம்மா, ரிப்போர்ட்டே வந்துருச்சாமே" என்று சொல்லிவிட்டு, போனில் இருந்த படத்தைக் காட்டினார். என் படிவம். என் டிக். என் கையெழுத்து.

வானம்பாடியின் கூடு மேற்குப் பக்கம் என்பதால் தப்பித்தது. குஞ்சு பொரித்துவிட்டது.

மேலாளரிடம் போனேன். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நல்லா யோசிச்சுக்கோங்க. இந்த ஒரு படிவம் தப்புன்னு நீங்களே சொன்னா, மூணு வருஷமா நீங்க போட்ட எல்லாப் படிவத்தையும் தோண்டுவாங்க. அப்புறம் இந்தத் துறையில யாரும் உங்கள வேலைக்கு எடுக்க மாட்டாங்க. ஒரு பள்ளத்துக்காகவா?"

வீட்டுக்கு வந்து பரண் மேல் இருந்த என் பழைய நகல்களை எல்லாம் இறக்கினேன். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றையும் எந்த மாதத்தில் போய்ப் பார்த்தேன், தரை எப்படி இருந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. முடிக்கப் பயமாக இருக்கிறது. அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வந்து தரையில் உட்கார்ந்து, தேதி வாரியாக அடுக்கித் தந்தார்.

டப்பில் இருப்பவை வளர்ந்துவிட்டன. மல்லாந்துதான் நீந்துகின்றன. சிலவற்றின் வயிற்றடியில் சிறு பை, அதில் முட்டை. வெளியே லாரி கொட்டுகிறது, இவை என் அடுப்படியில் அடுத்த மழைக்குத் தயாராகின்றன.

சின்னு

*

ஏப்ரல் 15

சின்னு,

சுருக்கமாக எழுதுகிறேன், தபால் பெட்டி திறக்க இன்னும் கால் மணி நேரம்தான்.

திருத்திய ஆட்சேபம் போய்விட்டது. லாரி கொட்டியதைப் பற்றித் தனியாகப் புகார் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. விசாரணைக்கு வர விடுப்புக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இந்த வருட மழைக்கால ஆய்வுப் பயணத்தில் இருந்தும் என் பெயரை எடுத்துவிட்டார்கள். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு.

அதனால் 20-ம் தேதி அந்த அறையில் நீ ஒருத்திதான் இருப்பாய். உன் பக்கத்தில் உட்காராமல் இங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று எழுத இப்போது நேரம் இல்லை.

டப்பை மூடி எடுத்துப் போ. வெயிலில் வைக்காதே.

அண்ணி

*

ஏப்ரல் 27

அண்ணி,

முடிவு உங்களுக்கு அண்ணன் மூலம் தெரிந்திருக்கும். இந்த முறை அவரே தூது போனாராமே. ஆனாலும் நடந்ததை நான் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

மூடிபோட்ட டப்பை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சாப்பாடா என்று கேட்டார். என் முறை வந்ததும் எழுந்து, இரண்டு காகிதங்களிலும் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். டெப்போ பொறியாளர் எழுந்து, "அப்போ ரெண்டு மாசம் முன்னாடி பொய் எழுதுனீங்களா?" என்று கேட்டார். இல்லை, பார்த்ததை எழுதினேன், பார்த்தது போதவில்லை என்றேன்.

குழுத் தலைவர் கையை உயர்த்தினார். "அம்மா, எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். அது நிலமா, நீரா?"

"எந்த மாசத்துல கேக்குறீங்கன்னு சொல்லுங்க சார்."

திமிராகச் சொல்லவில்லை அண்ணி, நிஜமாகவே அதுதான் வாயில் வந்தது. சிரித்தார்கள். நான் டப்பைத் தூக்கிப்போய் அவர் மேஜையில் வைத்து மூடியைத் திறந்தேன். மார்ச் 25-ம் தேதி இது காய்ந்த மண் என்றேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பொறியாளரும் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மல்லாந்துல்ல நீந்துது" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த பழைய குறிப்பையும் என் பட்டியலையும் சேர்த்து வாசித்தேன். தண்ணீர்க் கூட்டம் எவை, தரைக் கூட்டம் எவை, எது போனால் எது பட்டினி கிடக்கும் என்று.

மழைக்காலம் முடியும் வரை மண் கொட்டத் தடை. இரண்டு பருவத்திலும் மறுபடி கணக்கெடுக்க வேண்டும். கிழக்குக் கரையில் கொட்டியதை அள்ள வேண்டும் என்று சொன்னார்கள், அள்ளுவார்களா என்று தெரியவில்லை. பள்ளம் இந்த வருடத்துக்குப் பிழைத்தது. அடுத்த வருடம் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். மேலாளர் அன்றே சொல்லிவிட்டார். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கை காலியாக இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு எழுத வேண்டியது இது இல்லை. என் பழைய படிவங்களைப் பார்த்து முடித்துவிட்டேன். நாற்பத்தொன்றில் ஏழு இடங்கள் பள்ளங்கள். ஏழையும் கோடையில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஏழிலும் தரை வெடித்திருந்தது என்று என் கையெழுத்திலேயே குறிப்பு இருக்கிறது. ஏழிலும் நிலம் என்று டிக். அந்தப் பட்டியலைக் குழுவிடம் நானே கொடுத்துவிட்டேன். தோண்டட்டும்.

அதில் மூன்று இன்னும் காலியாகக் கிடக்கின்றன. மண் எடுத்துவிட்டேன், அண்ணன் வாங்கி வந்த பேட்டரித் தண்ணீரில் மூன்று டப் ஜன்னலோரம் இருக்கின்றன. மற்ற நான்கில் கட்டிவிட்டார்கள். நான்கையும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஒன்று பள்ளிக்கூட மைதானம், குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன, திரும்பிவிட்டேன். இரண்டு குடியிருப்புகள். கடைசி இடம் ஒரு கிடங்கு. இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஒரே சிமெண்ட் தளம், வழுவழுவென்று. ஷட்டர் திறந்திருந்தது, உள்ளே போய் நின்றேன். காவலாளி எழுந்து வந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "இங்க முன்னாடி இருந்தவங்கள" என்றேன்.

அவர் நல்ல மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டார். தான் வேலைக்கு வந்ததே போன வருடம்தான், தனக்குத் தெரியாது என்றார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "காலி பண்ணிட்டு எங்க போனாங்க?"

நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை அண்ணி. மழை வரும் என்று அங்கேயேதான் இருக்கிறார்கள்.

சின்னு